அவரிடம் மின்சாரம், என்னிடம் தண்ணீர்

டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் நான் வாங்கியது இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். பக்கத்து வீட்டுக்காரரும் தமிழர், யாழ்ப்பாணத்தவர், மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. விவாகரத்து எடுத்துவிட்டு, மகளைக் கோப்பன்ஹேகனுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, தனியே ஒரு வீட்டைக் கொண்டு நடத்தப் போகிறவளுக்கு இதைவிட நல்ல அயல் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அவருக்குப் பக்கத்தில் குடியிருந்தவர் இல்லை.

பின்வளவின் முடிவில் ஒரு மரக் கொட்டில் இருந்தது. அதுவும் வீட்டைப் போலத்தான்: ஒரு கூரை, இரண்டு பாதி, நடுவில் பலகை அடைப்பு. வீட்டை முதலில் கட்டியவர்கள் ஒரு டேனிஷ்காரத் தகப்பனும் மகனும். கொட்டிலுக்கு மின்சாரம் வேண்டும் என்றபோது தகப்பன் தன் வீட்டு மெயின் சுவிட்சிலிருந்து நிலத்துக்கு அடியால் கேபிள் இழுத்து இரண்டு பாதிக்கும் கொடுத்திருக்கிறார். தண்ணீர் வேண்டும் என்றபோது மகன் தன் வீட்டிலிருந்து குழாய் போட்டு இரண்டு பாதிக்கும் கொடுத்திருக்கிறான். ஒருவரையொருவர் நம்பிய தகப்பனும் மகனும் செய்த வேலை அது. நான் வாங்கியது மகனுடைய பாதி. தகப்பனுடைய பாதியில் அவர் இருந்தார். ஆகவே கொட்டிலின் மின்சாரம் அவர் கையில் இருந்தது, தண்ணீர் என் கையில் இருந்தது.

முதல் இரண்டு வருடமும் இதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை. என் பாதியில் ஃப்ரீசரும் ஒரு மின்னடுப்பும் வைத்திருந்தேன். இங்கே மீன் பொரித்தால் மணம் வீட்டுத் திரைச்சீலையில் ஏறிக் கிழமைக் கணக்கில் நிற்கும். மறுநாள் வேலைக்குப் போகும்போது கோட்டிலும் கூடவே வரும். நான் கொம்யூனில், அதாவது நகரசபையில் வேலை செய்கிறேன், வயதானவர்களை அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை. அவர்களுடைய படுக்கையறைக்குள் பொரித்த மீனாகப் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. அதனால் பொரிப்பது, தாளிப்பது எல்லாம் கொட்டிலில்தான். அவர் தன் பாதியில் ஒரு தொட்டி வைத்து, துறைமுகத்தில் தூண்டில் போட்டுப் பிடித்து வருகிற மீனைக் கழுவுவார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். மின்சாரத்துக்கு ஒரு துணை மீட்டர் இருந்தது. அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டை வந்தது ஒரு காரால்.

மூன்றாம் வருடம் அவருடைய மகளுக்குக் கலியாணம் நடந்தது. மருமகன் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்திலுள்ள டோஸ்ட்ருப்பிலிருந்து பெரிய கறுப்புக் கார் ஒன்றில் வந்து போவான். அந்தக் கார் மழையில் நனைவதை அவரால் பொறுக்க முடியவில்லை. கொட்டிலை முழுதாக இடித்துவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்தும் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று தீர்மானித்தார். எனக்கு மூலையில் பிளாஸ்டிக் பெட்டி மாதிரி ஒன்று வைத்துத் தருவதாகச் சொன்னார். ஒரே கூரை என்பதால் என் சம்மதம் இல்லாமல் இடிக்க முடியாது. அது அவருக்கு ஒரு சடங்கு மாதிரித்தான் தெரிந்திருக்கிறது. யாரிடமோ படம் வரைவித்துக்கொண்டு, தச்சனையும் பேசி முடித்துவிட்டுத்தான் என் வாசலுக்கு வந்தார். நான் முடியாது என்றேன். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னொருமுறை விளங்கப்படுத்தினார். நான் இன்னொருமுறை முடியாது என்றேன். மறுநாள் அக்காவை அனுப்பினார். அவவிடமும் அதையேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் வேலிக்கு மேலால் நின்று சொன்னது இது:

"ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு என்னத்துக்குக் கொட்டில்?"

"ஆம்பிளை இல்லாத வீட்டில எல்லா வேலையும் நான்தான் அண்ணை செய்யோணும். அதுக்குத்தான் கொட்டில்," என்றேன்.

அன்றோடு தங்கச்சி போய்விட்டது. நீர் என்று தொடங்கினார். நான் மட்டும் கடைசிவரை அண்ணை என்பதை விடவில்லை. மரியாதையால் அல்ல. அந்தச் சொல்லைக் கேட்கும்போது அவருடைய தாடை இறுகுவதைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டிலில் மின்சாரம் போகத் தொடங்கியது அதன் பிறகுதான். முதல் தடவை என்னுடைய பிழை என்று நினைத்து அடுப்பைக் கழற்றினேன், விளக்கை மாற்றினேன், கடைசியில் அவருடைய கதவைத் தட்டினேன். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பொழுதுபட்டபின் மின்சாரம் வந்தது. அடுத்த தடவை நான் வாளைமீன் பொரித்துக்கொண்டிருந்தபோது பாதியில் அடுப்பு அணைந்தது. அதற்கடுத்த தடவை என் வேலைத்தோழிகள் இருவர் சாப்பிட வந்திருந்தபோது. காரணம் கேட்டால் என் பக்கத்தில் ஏதோ பழுது, அதனால் ட்ரிப் சுவிட்ச் தானாக விழுகிறது என்பார். தானாக விழுகிற சுவிட்ச் என் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

செப்டம்பரில் ஒரு வார இறுதி எனக்குத் தொடர்ந்து வேலை. வெள்ளிக்கிழமை கொட்டிலைப் பூட்டிவிட்டுப் போனவள் திங்கட்கிழமை காலையில்தான் திறந்தேன். ஃப்ரீசருக்குக் கீழிருந்து சிவப்பாக ஒரு தண்ணீர் வழிந்து பலகைத் தரையில் ஊறிக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மீன், ஆட்டிறைச்சி, மகளுக்கென்று சமைத்து அடைத்து வைத்திருந்த கறிகள், எல்லாம் போய்விட்டன. அவரிடம் போனேன். ஃப்ரீசர் பழசு, அதுதான் கூட மின்சாரம் இழுத்துச் சுவிட்சை விழுத்துகிறது என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தார்.

நான் திரும்பி வந்து, அழுகிய மீன் முழுவதையும் ஒரு பையில் போட்டு, அவருடைய முன்வாசலில் கொண்டுபோய் வைத்தேன். பையின் வாயைக் கட்டவில்லை. அன்று நல்ல வெயில். பின்னேரம் அக்கா முழங்காலில் இருந்து சவர்க்காரம் போட்டு வாசற்படியைத் தேய்ப்பது என் குசினி யன்னலால் தெரிந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே ஒரு மின்னியலாளரைக் கூப்பிட்டேன். இந்த நாட்டில் அதற்கென்று அனுமதி பெற்றவர்கள் மட்டுமே மெயின் சுவிட்சில் கைவைக்கலாம். வந்த டேனிஷ்காரன் வளவை நடந்து பார்த்துவிட்டு, என் வீட்டிலிருந்து கொட்டிலுக்குப் புதிதாக ஒரு கேபிள் போடுவது சின்ன வேலை, பள்ளம் தோண்டுவதுதான் பெரிய வேலை என்றான். ஒக்டோபரில் வருகிறேன் என்றான். ஒக்டோபர் முழுக்க மழை பெய்து வளவு சேறாகக் கிடந்தது. நவம்பரில் வருகிறேன் என்றான். நவம்பரில் நிலம் உறையத் தொடங்கியது. வசந்தத்தில் பார்க்கலாம் என்று செய்தி அனுப்பினான். ஆக அந்தக் குளிர்காலத்தை அவருடைய சுவிட்சோடுதான் நான் கழிக்க வேண்டும்.

என் கையில் தண்ணீர் இருந்தது. வெளிக் குழாயைக் குளிர்காலத்துக்கு முன் மூட வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்குள்ளே வால்வை அடைத்துவிட்டு வெளியே பைப்பைத் திறந்து, உள்ளே நிற்கிற தண்ணீர் முழுவதையும் வடிய விட வேண்டும். விடாவிட்டால் உறைபனியில் தண்ணீர் பருத்துக் குழாய் வெடிக்கும். வழக்கமாக நவம்பரில்தான் இதைச் செய்வேன். அந்த வருடம் செப்டம்பரிலேயே செய்தேன், மீன் பையைக் கொண்டுபோய் வைத்த அதே கிழமை. தூண்டில் மீன் நன்றாகப் படுகிற காலம் அது. அவர் ஒரு வாளி மீனோடு வந்து, தன் பாதிக்குள் போய், பைப்பைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். என் குசினி யன்னலை நிமிர்ந்து பார்த்தார். நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்து தண்ணீரைத் திறக்கச் சொன்னார்.

"விண்டர் வருது அண்ணை. பைப் வெடிச்சிடும்."

"செப்டெம்பரிலயோ?"

"ஓம். ஆம்பிளை இல்லாத வீடுதானே, எல்லாம் வெள்ளெனச் செய்தாத்தான் எனக்கு ஏலும்."

அவர் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வருடம் மிச்சம் முழுக்க மீனை வீட்டுக் குளியலறையில் கழுவியதாக அக்கா யாரிடமோ சொல்லிக் குறைப்பட்டது என் காதுக்கு வந்தது. எனக்கு அது நல்ல செய்தியாக இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒவ்வொரு வீடும் மூன்று நாளுக்கு வெளி உதவி இல்லாமல் தாக்குப் பிடிக்கிற மாதிரித் தயாராக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் எல்லோருக்கும் அறிவித்திருந்தது. நான் பராமரிக்கிற கிழவிகளுக்கு அதைப் பற்றிப் பயம். ஒவ்வொரு வீட்டிலும் நான்தான் தண்ணீர்க் கலன்களை நிரப்பி, டோர்ச்சுக்குப் பற்றரி போட்டுக் கொடுத்தேன். பிறகு என் வீட்டையும் பார்த்தேன். குடிதண்ணீரைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன், உறையாமல் இருக்க. கொட்டிலில் காஸ் அடுப்பு, அதற்கான காஸ் குப்பிகள், வழுக்கும் நடைபாதைக்குப் போட ஒரு தொட்டி மணல், பனி தள்ளும் சவள், அரிசி, பருப்பு, மா. பற்றரியில் ஓடும் வானொலி ஒன்றை அலமாரிக்கு மேலே வைத்தேன். நான் சுமந்துகொண்டு போவதைப் பார்த்துவிட்டு அவர் வளவில் நின்று யாருடனோ தொலைபேசியில், எனக்குக் கேட்கும்படி, இவ சண்டைக்கு ஆயத்தம் செய்யிறா என்று சொல்லிச் சிரித்தார். ஊரில் யுத்தத்துக்குள் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இவ பாடம் எடுக்கிறா என்றார்.

சிரித்தவர் அடுத்த கிழமை ஒரு ஜெனரேட்டர் வாங்கி வந்தார். பெற்றோலில் ஓடுவது, சிவப்பு நிறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுதும் கோப்பி குடிக்கிற நேரம் பார்த்து, அதை என் வேலியோடு ஒட்டி வைத்து ஓட்டினார். என் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த ஞாயிறும் ஓட்டினார். நான் குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வயதான டேனிஷ்காரர், மென்மையாகப் பேசுகிறவர். காற்சட்டைப் பைக்குள் கைகளை விட்டபடி வந்து, தெருவில் நின்றே, இந்தச் சத்தம் அயலவர்களுக்குக் கஷ்டம், உண்மையாகவே தேவைப்படுகிற நாளில் மட்டும் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் கழுத்தும் காதும் சிவந்து, ஓம் ஓம் என்பதை டேனிஷில் சொல்லித் தலையாட்டினார். தலைவர் போன பிறகு என் பக்கம் திரும்பிக் காறித் துப்பினார். புல்லில்தான் விழுந்தது.

ஜனவரியில் அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அக்கா டோஸ்ட்ருப்புக்குப் போய்விட்டா. அவர் தனியே நின்றார். அந்தக் கிழமைதான் மேற்கிலிருந்து புயல் வந்தது. இரவு முழுக்கக் கடல் பக்கமிருந்து காற்றடித்து, விடிந்தபோது பனி படலைக்கு மேலே ஏறி நின்றது. மின்சாரம் இல்லை. நிலத்தடிக் கேபிளில் எங்கேயோ பழுது என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் வீடுகளுக்கு வெப்பம் வருவது கொதிநீர்க் குழாயில், ஆனால் அதை வீட்டுக்குள் சுற்றவிடும் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அது நின்றதும் சுவர்கள் மெல்ல மெல்லக் குளிர்ந்தன.

எனக்கு அன்று வேலை இல்லை. ஒரே ஓர் அறையைத் தெரிந்தெடுத்து, கதவிடுக்கில் துவாயைச் செருகி, அதற்குள் இருந்தேன். காஸ் அடுப்பைக் குசினியில் வைத்து யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுத் தேத்தண்ணீர் போட்டேன். கஞ்சி காய்ச்சினேன். மகள் தொலைபேசியில் எடுத்து டேனிஷில் நலமா என்று கேட்டாள். நலம், சந்தோஷமாகவும் இருக்கிறேன் என்றேன். பொய்யில்லை. சிரித்தவர் பக்கத்து வீட்டில் குளிரில் இருக்கிறார் என்ற நினைப்பே எனக்குச் சூடாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. முதலில் பலமாக, பிறகு திடீரென்று அமுங்கி. கொட்டிலுக்குள்ளே வைத்து ஓட்டுகிறார், கதவைச் சாத்திவிட்டார் என்று நினைத்தேன். அதில் இருக்கிற ஆபத்து அந்தக் கணத்தில் எனக்கு உறைக்கவில்லை. தலைவருக்குப் பயந்துவிட்டார் என்றுதான் தோன்றியது, அதில் ஒரு திருப்தியும் வந்தது.

மத்தியானம் ஆவதற்கு முன் காஸ் முடிந்தது. இன்னொரு குப்பி எடுக்கச் சவளால் பனியை ஒதுக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். என் பாதியின் கதவைத் திறந்ததும் நீலமாகப் புகை. பலகை இடுக்குகளால் அவருடைய பக்கத்துப் புகை முழுவதும் என் பக்கம் வந்து நின்றது. கண் எரிந்தது. என் அரிசி, என் மா, எல்லாம் பெற்றோல் மணத்துக்குள் கிடந்தன. ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது. சவளைக் கையில் பிடித்தபடியே சுற்றிக்கொண்டு அவருடைய கதவுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். உதவி செய்யப் போனேன் என்று பிற்பாடு எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், அது உண்மையில்லை.

கதவு காற்றுக்குத் திறக்காதபடி உள்ளே கொளுவியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. மாதக்கணக்காக நான் எது கேட்டாலும் பதில் சொல்லாதவர், ஆகவே அந்த மௌனத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. கதவைப் பார்த்தே கத்தத் தொடங்கினேன். ஃப்ரீசரைப் பற்றிச் சொன்னேன். என் பிள்ளைக்கென்று வைத்திருந்த சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். ஆம்பிளை இல்லாத வீடு என்று சொன்னதைப் பற்றி, துப்பியதைப் பற்றி, மருமகனுடைய காரைப் பற்றி, என் நாக்கில் வந்ததெல்லாம் சொன்னேன். உள்ளே ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்வது அவருக்குக் கேட்கிறதா, முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. பக்கச் சுவரிலுள்ள சின்னக் கண்ணாடி யன்னலின் உறைபனியைக் கையுறையால் தேய்த்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

இரண்டு சப்பாத்துகளின் அடிப்பாகம் தெரிந்தது. கால் அசையவில்லை. பக்கத்தில் பெற்றோல் கலன் சரிந்து கிடந்தது.

சவளின் விளிம்பைக் கதவிடுக்கில் விட்டு நெம்பினேன். பலகை பிளந்ததே தவிரக் கொளுக்கி விடவில்லை. பிறகு சவளால் அடித்தேன். நாலைந்து அடியில் கொளுக்கியோடு சேர்ந்து ஒரு துண்டுப் பலகை உள்ளே விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அவருடைய ஜக்கெற்றின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். கனத்த மனுஷன். வாசற்படியில் தலை அடிபட்டது. எனக்கு மூச்சு முட்டியது. வெளியே வந்து இரண்டு தரம் மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பப் போய் இழுத்தேன். பனிக்குள் கொண்டுவந்து போட்டபோது அவருடைய முகம் வெளிறியிருக்கவில்லை, நல்ல ஆரோக்கியக்காரன் மாதிரிச் சிவந்திருந்தது. புகையின் நஞ்சு ஏறினால் அப்படித்தான் சிவக்கும், அதுதான் என்னைப் பயப்படுத்தியது. மூச்சு இருந்தது, மிக மெலிதாக. அவசர உதவி எண் நூற்றுப் பன்னிரண்டுக்கு எடுத்துச் சொன்னேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து போர்த்தி, தலையைப் பிடித்துக்கொண்டு பனியில் இருந்தேன். அவருடைய காற்சட்டை நனைந்திருந்தது; அது பனியால் அல்ல. போர்வையை இடுப்புவரை இழுத்து மூடினேன். வேலையில் ஒவ்வொரு நாளும் செய்கிறதுதான்.

தெருவில் பனி கிடந்ததால் அம்புலன்ஸ் வரச் சுணங்கியது. அதற்குள் அவர் என் சட்டைக் கையில் வாந்தி எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பிக் கொட்டில் பக்கம் பார்த்தார்.

"கதவை உடைச்சிட்டியோ?" என்றார்.

அதுதான் அவர் முதலில் கேட்டது. அன்றிலிருந்து நீர் போய் நீ வந்தது.

அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு அம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்னபடி நானும் வைத்தியசாலைக்குப் போய் என்னைக் காட்டினேன். தலையிடியைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை. பின்னேரம் மின்சாரம் வந்துவிட்டது. மூன்று நாளுக்கென்று சேர்த்து வைத்ததில் ஒரு நாளுக்குரியதுகூட முடியவில்லை.

சில நாளில் அவர் வீட்டுக்கு வந்தார். வந்த மறுநாள் நான் நடைபாதைக்கு மணல் போட்டுக்கொண்டிருந்தபோது வேலியோரம் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று ஒரு நிமிடம் நினைத்து, அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தடுமாற்றமாகக்கூட இருந்தது.

"நீ சத்தம் எண்டு அந்த ஆளிட்டப் போய்ச் சொன்னதாலதான் நான் கதவைச் சாத்தினனான்," என்றார். "இல்லாட்டி வெளியிலதான் வைச்சிருப்பன்."

"வெளியில வைச்சிருந்தா நான் இன்னொருக்காப் போய்ச் சொல்லியிருப்பன் அண்ணை. அவ்வளவுதான். நீங்கள் விழுந்திருக்க மாட்டியள்."

அவர் போய்விட்டார். நான் மிச்ச மணலையும் போட்டு முடித்தேன். செத்துக்கொண்டிருந்தவரை இழுத்துப் போட்டதற்குக் குற்றப்பத்திரம் வாசிக்கிறாரே என்ற கொதிப்பு எனக்கு. அதோடு, அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது என்பதும் சேர்ந்து கொதித்தது. சத்தத்தைப் பற்றிச் சொன்னவள் நான்தான். இன்றைக்கும் சொல்வேன்.

ஊருக்குள் கதை வேறு மாதிரிப் பரவியது. கடவுள்தான் என்னை அங்கே அனுப்பினார், இனி இரண்டு வீடும் ஒற்றுமையாகிவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவர் சொல்லித் திரிந்ததோ இன்னொன்று: தலை சுற்றியது, தானே எழும்பி வெளியே வர இருந்தபோது, பழைய கோபத்தில் நான் கதவை உடைத்துவிட்டேனாம். தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடமே வந்து, உண்மைதானா என்று கேட்டா. நான் கண்டதை ஒரே ஒரு வசனத்தில் சொல்லி அவரை அந்தக் கடையிலேயே முடித்திருக்கலாம். சொல்லவில்லை. அவர் மேல் இரக்கப்பட்டு அல்ல. கழுவித் துடைத்துவிடும் மனிதர்களைப் பற்றி வெளியே கதைப்பதில்லை என்பது என் வேலையின் பழக்கம், அது நாக்கைப் பிடித்துக்கொண்டது. இங்கே எழுதிவிட்டேன். பெயர் எழுதவில்லை, அந்த மட்டும் அவருக்குப் போதும்.

மாத முடிவில் அக்கா டோஸ்ட்ருப்பிலிருந்து திரும்பி வந்து, அவர் தூண்டிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, என் குசினிக்குள் வந்து இருந்தா. வெறுங்கையோடு வந்திருந்தா, எங்கள் ஆட்கள் அப்படி வருவது அபூர்வம். கொஞ்ச நேரம் பேரப்பிள்ளையைப் பற்றிக் கதைத்தா. நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், சீனி வேணுமா என்று கேட்கவில்லை.

"அவருக்கு இப்ப உன்னில முந்தியைவிடக் கோவம்," என்றா அக்கா.

"எனக்கும்தான். அவருக்கு என்னத்துக்கு?"

"நீ கண்டிட்டாய், அதுக்குத்தான்."

எதைக் கண்டேன் என்று அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழும்பும்போது என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனா. அதை நன்றி என்று எடுப்பதா, வாயைத் திறக்காதே என்ற கெஞ்சல் என்று எடுப்பதா எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவவும் அதிகம் என்னோடு கதைத்ததில்லை.

ஏப்ரலில் மின்னியலாளன் வந்து என் வீட்டிலிருந்து கொட்டிலுக்குப் பள்ளம் தோண்டினான். அதே கிழமையில் பக்கத்து வளவில் தண்ணீர்க் குழாய் போடுகிறவன் வந்து அவருடைய வீட்டிலிருந்து கொட்டிலுக்கு இன்னொரு பள்ளம் தோண்டினான். வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஒரே நேர்கோட்டில், ஒரே நீளத்தில். இரண்டு வேலையாட்களும் மத்தியானம் வேலியில் சாய்ந்து ஒன்றாக இருந்து பாண் சாப்பிட்டார்கள். இதை ஏன் ஒரே பள்ளமாகத் தோண்டவில்லை என்று என் ஆள் கேட்டான். நான் சொன்னால் உனக்கு விளங்காது என்றேன். அவர் பலகை அடைப்புக்கு மேல் இன்னொரு அடைப்பு அடித்து, இடுக்குகளையெல்லாம் தார்த்தாளால் மூடினார். ஜெனரேட்டரை விற்றுவிட்டார். என் பாதியில் என் சுவிட்ச், என் விளக்கு, என் அடுப்பு. முதல் நாள் மீன் பொரித்தபோது கதவை அகலத் திறந்து வைத்தேன். காற்று அவர் பக்கம் வீசிய நாள் அது.

இப்போது எங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மழைநீர் வடிகிற கூரைப் பீலி ஒன்று இருப்பது போன நவம்பரில்தான் உறைத்தது. இலையுதிர்ந்து முடிந்ததும் பீலியைத் துப்புரவாக்காவிட்டால் தண்ணீர் தேங்கி, உறைந்து, பீலியையே இழுத்து விழுத்தும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏணியை வைத்து ஏறியபோது வீட்டின் மறுமுனையில் அவரும் ஏணியில் நின்றார். இரண்டு வீட்டுக்கும் ஒரே பீலி. அவர் தன் பக்கத்து இலைகளை ஒரு தடியால் என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். கறுத்து அழுகிய இலைகள் குவியலாக என் கைக்கு வந்து சேர்ந்தன.

"அண்ணை, இலையை இங்கால தள்ளாதேங்கோ," என்றேன்.

"சரிவு உன்ர பக்கம்தான்," என்றார், திரும்பாமல்.

ஜனவரிக்குப் பிறகு நாங்கள் பேசிய முதற் பேச்சு அது. நான் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறி, கையுறையை மாட்டிக்கொண்டு, முழுவதையும் அவர் பக்கம் தள்ளினேன். அவர் திருப்பித் தள்ளினார். இருட்டும்வரை இரண்டு பேரும் இறங்கவில்லை.